வைப்பும் உழைப்பும்: இறையியற் கல்வியில் புதிய முறைகள் பற்றி ஒரு திறனாய்வு

கற்பிக்கும் முறை பற்றிய விவாதம் நம் இறையியற் கல்லூரிகளில் இன்று வலுவாக எழுந்துள்ளது. விரிவுரையை விடுத்து மாணவரே பேசியும் வினவியும் குழுவாக ஆராய்ந்தும் கற்க வேண்டும் என்பார் ஒரு சாரார். வெண்திரையும் கைப்பேசியும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வகுப்பில் இடம்பெற வேண்டும் என்பார் இன்னொரு சாரார். இவ்விரண்டுமே ஊழியப் பயிற்சியின் ஆழத்தைக் குலைத்துவிட்டன என்று வருந்துவார் மூன்றாம் சாரார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வகுப்புகள் ஒரே வாரத்தில் கைப்பேசித் திரைக்குள் புகுந்தன. அன்று தேவையால் ஏற்றுக்கொண்டதை இன்று விருப்பத்தாலேயே கைக்கொண்டிருக்கிறோம். ஆகவே இம்முறைகளை ஆராயாமல் போற்றுவதும், ஆராயாமல் தூற்றுவதும் நமக்குத் தகா. அவை தருவது யாது, பறிப்பது யாது என்பதை வேறுபடுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புதியதா இம்முறை?

மாணவரை மையமாகக் கொண்ட கல்வி மேலைநாட்டாரின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. இது பிழை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஒருவனது புலமையை நான்கு கூறாகப் பகுக்கின்றது. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்பதால் வருவது காற்கூறு. உடன்பயிலும் மாணாக்கரோடு பழகிப் பயில்வதால் வருவது இன்னொரு காற்கூறு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைக்கூறு. விரிவுரை மட்டும் போதாது என்பதை இதனினும் தெளிவாக உரைப்பது அரிது. அதே வேளையில், ஆசிரியரின் காற்கூறை நன்னூல் நீக்கிவிடவில்லை என்பதும், அதனையே முதலில் வைத்தது என்பதும் நோக்கற்பாலன.

திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதையர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. அக்காலத்து ஐரோப்பியர் 'மலபார்ப் பள்ளி' என்றழைத்த உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்க மனமற்றிருந்தமையால், மூத்த மாணவனொருவனைக் கொண்டே இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியாக இம்முறை இங்கிலாந்து முழுவதும் 'சென்னை முறை' என்னும் பெயரால் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியின் வழக்கம் கடல் கடந்து சென்று ஒரு தேசத்தின் கல்வியையே மாற்றியது என்று நாம் மகிழலாம்.

ஆயினும் அவ்வரலாற்றின் பிற்பகுதியையும் மறைத்தல் ஆகாது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான சிறுவரைக் குறைந்த செலவில் ஆளும் வழியாகவே அம்முறை விரும்பப்பட்டது. மூத்த மாணவர் தாம் பொருள் உணராதவற்றையே இளையோர்க்கு ஒப்புவிக்கச் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தே அதனைக் கைவிடலாயிற்று. மாணவர் மாணவர்க்குக் கற்பிப்பது நல்லது. ஆனால் அவ்வாறு கற்பிப்பவர் முதலில் கற்றிருக்க வேண்டும். இன்று 'குழு விவாதம்' என்னும் பெயரால் நடைபெறும் பல வகுப்புகளில் இப்பாடம் மறக்கப்பட்டுவிட்டது.

2. ஆய்வுகள் கூறுவது யாது?

2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நிகழ்ந்த 225 ஆய்வுகளை ஒப்பிட்டது. மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் சுமார் 6 விழுக்காடு உயர்ந்தது. விரிவுரை மட்டுமே நிகழ்ந்த வகுப்புகளில் தோல்வியுறும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. இம்முடிவு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அவ்வாய்வு இறையியலைப் பற்றியதன்று என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். கணக்கிற்கு விடை உண்டு; அவ்விடையைத் தேர்வு அளந்துவிடும். துயருற்றவர் இல்லத்தில் ஓர் ஆயர் எங்ஙனம் அமர்ந்திருக்கிறார் என்பதை எந்த மதிப்பெண்ணும் அளக்காது.

நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் செய்யப்பட்ட ஆய்வு. ஒரே பாடம் ஒரு பிரிவினர்க்குச் சரளமான விரிவுரையாகவும், மற்றொரு பிரிவினர்க்கு அவர்களே முயன்று தீர்க்கும் வினாக்களாகவும் அளிக்கப்பட்டது. தாமே முயன்றவர் தேர்வில் மிகுதியாகக் கற்றிருக்கக் காணப்பட்டனர். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக அவர்கள் உணர்ந்தனர். சரளமான விரிவுரையைக் கேட்டவரோ குறைவாகக் கற்றிருந்தும், மிகுதியாகக் கற்றதாக எண்ணிக்கொண்டனர்.

இதிலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மாணவரின் மனநிறைவை மட்டும் கொண்டு ஒரு வகுப்பின் தரத்தை மதிப்பிட இயலாது. உழைத்துக் கற்பவருக்கு இடர்ப்பாடு தோன்றும். அவ்விடர்ப்பாடே கற்றலின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். மற்றொன்று, குருமாராகிய நம்மைச் சுடுவது. ஆராதனை முடிந்து வாயிலில் நின்று கைகுலுக்கும்போது, "நல்ல பிரசங்கம் ஐயா" என்று சபையார் கூறுவதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். அவர்கள் கற்றார்களா, அன்றிக் கற்றதாக உணர்ந்தார்களா என்று நாம் ஒருபோதும் வினவியதில்லை.

3. வைப்பு என்னும் உருவகம்

பங்கேற்புக் கல்விக்கு இறையியற் கல்லூரிகளில் வாயில் திறந்தவர் பிரேசில் நாட்டு அறிஞர் பவுலோ ஃபிரெய்ரே. 1964இல் தம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த அவர், 1970 முதல் சில ஆண்டுகள் ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கல்வி ஆலோசகராகப் பணியாற்றினார். ஒடுக்கப்பட்டோர் கல்வி பற்றிய அவரது நூல், வழக்கமான கற்பித்தலை வங்கியில் பணம் வைப்பதற்கு ஒப்பிட்டது. ஆசிரியர் வைப்பவர், மாணவர் வெறும் கொள்கலம். மனிதரைப் பொருளாக்கும் கல்வியை அவர் கண்டித்தது சரியே. சாதியின் பெயரால் செவியும் நாவும் அடைக்கப்பட்டிருந்த நம் மக்களின் வரலாற்றை அறிந்த எவரும் அக்கண்டனத்தின் நீதியை மறுக்கமாட்டார்.

எனினும் இவ்வுருவகத்தை அப்படியே ஏற்கத் திருமறை நமக்கு இடங்கொடுக்கவில்லை. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காத்துக்கொள்ளுமாறு பவுல் தீமோத்தேயுவைப் பணிக்கிறார். அங்கு வரும் கிரேக்கச் சொல், ஒருவர் நம்பி மற்றவரிடம் வைத்துச்சென்ற பொருளைக் குறிப்பது, அஃதாவது வைப்பு. 1 கொரிந்தியர் 15இலும் தாம் பெற்றுக்கொண்டதையே பிறர்க்குக் கையளித்ததாக அவர் எழுதுகிறார். நற்செய்தி நம் குழு விவாதத்தில் பிறந்ததன்று. அது நமக்குத் தரப்பட்டது. தருபவர் இல்லாமல் இறையியற் கல்வி இல்லை.

ஆனால் மத்தேயு 25ஐயும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தாலந்துகளைப் பெற்ற மூவரில் கண்டிக்கப்பட்டவன், பெற்றதை இழந்தவன் அல்லன். பெற்றதை அப்படியே புதைத்துத் திரும்ப ஒப்படைத்தவன். தேர்வுத்தாளில் ஆசிரியரின் குறிப்பைச் சொல் பிசகாமல் திருப்பித் தரும் மாணவன் செய்வதும் இதுவே. ஆகவே, வைப்பு தவறன்று; புதைப்பே தவறு. ஃபிரெய்ரேயின் கண்டனம் புதைப்பைச் சாடும்வரை நம்முடையதே. வைப்பையே மறுக்குமானால் அங்கு நாம் அவரை விட்டுப் பிரிகிறோம்.

வினாவிடை முறையும் இந்த ஆபத்துக்கு விலக்கன்று. 1529இல் வெளியான லுத்தரின் சிறிய ஞானோபதேசம், ஒவ்வொரு பகுதிக்கும் பின் அதன் பொருள் யாதென்று கேட்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதனைத் தமிழில் பெயர்த்தார். சிந்திக்கத் தூண்ட எழுந்த அவ்வினாவே நாளடைவில் மனப்பாடமாயிற்று. முறை எதுவும் தன்னளவில் உயிருள்ளதன்று.

4. உழைப்பைப் பறிக்கும் கருவி

இனித் தொழில்நுட்பத்திற்கு வருவோம். ஒரு காலத்தில் நம் மாணவர் எட்டியும் பார்க்க முடியாதிருந்த மூலமொழி நூல்களும் விளக்கவுரைகளும் இன்று அவர்தம் கையில் உள்ளன. பார்வைக் குறைவுடைய மாணவர் நூலைச் செவியால் கேட்கிறார். தொலைதூரச் சேகரத்தில் பணிபுரியும் உபதேசியார் மாலையில் வகுப்பில் இணைகிறார். இவற்றிற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

ஆனால் செயற்கை நுண்ணறிவுக் கருவி முன்னையவற்றினின்றும் வேறுபட்டது. அது நூலைத் தருவதோடு நில்லாமல், நூலைப் படித்துச் செய்ய வேண்டிய வேலையையும் செய்துதருகிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர் சுமார் ஆயிரம் பேர் கணிதப் பயிற்சியில் சோதிக்கப்பட்டனர். இக்கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தியோர் பயிற்சியில் 48 விழுக்காடு மேம்பட்டனர். கருவியை அகற்றித் தேர்வு வைத்தபோதோ, அதனைத் தொட்டே அறியாதவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைத் தராமல் குறிப்பை மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்தியோரிடம் இத்தீங்கு பெரிதும் காணப்படவில்லை. கேடு கருவியினின்று மட்டும் விளைவதன்று. மாணவரின் உழைப்பை அது பறிக்குமாறு நாம் விட்டுவிடுவதே கேட்டின் பெரும்பகுதி.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கண்டதன்று. இறுதியாண்டு மாணவரொருவர் வாரயிறுதி ஊழியத்தில் யோவான் 9ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கித்தபோது மேற்பார்வைக்காக நாமும் சென்றிருந்தோம். பகுப்பும் சொல்லாய்வும் முடிவுரையும் பழுதின்றி அமைந்திருந்தன. ஆராதனை முடிந்தபின் முதிய தாயொருவர் அவரிடம் வந்து, "பிரசங்கியார் தம்பி, என் பேரனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. நான் செய்த பாவந்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அரை மணி நேரம் அவர் பிரசங்கித்ததே அக்கேள்வியைப் பற்றித்தான். எனினும் அவர் நாவெழாமல் நின்றார்; பின்னர் ஜெபிப்போம் என்று கூறிக் கண்களை மூடிக்கொண்டார். திரும்பும் வழியில், அப்பிரசங்கம் கருவி எழுதித் தந்தது என்று அவரே கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவருக்கு மூன்றாண்டுகள் கற்பித்த நாமும் அக்கேள்வியை வகுப்பில் ஒருமுறையேனும் அவரிடம் கேட்டதில்லையே.

அந்தத் தாய் விடையின்றி வீடு திரும்பினார். கல்விமுறை பற்றிய நம் விவாதம் யாரைப் பற்றியது என்பதை அன்று உணர்ந்தோம்.

5. செய்யத்தக்கன

குழு விவாதத்திலும் குறைகள் உள. உரத்துப் பேசுவோர் ஆள, சிற்றூரிலிருந்து வந்தோரும் பெண் மாணாக்கருள் பலரும் வாய்திறவாது அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஆசிரியர் ஆயத்தமின்மையை மறைக்கும் திரையாகவும் அது பயன்படுவதுண்டு. இவற்றை உளங்கொண்டு, உடன் ஆசிரியர்களின் ஆய்வுக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, விவாதத்திற்கு முன் ஒவ்வொருவரும் திருமறைப் பகுதியைத் தனித்துப் படித்து அரைப்பக்கமேனும் எழுதி வரவேண்டும். பேசத் தயங்குவோர் தாம் எழுதியதை வாசிக்கட்டும். இரண்டாவது, விரிவுரை ஒழியவேண்டியதில்லை, சுருங்க வேண்டும். இருபது நிமிடம் கற்பித்தபின் சபையார் கேட்கும் கேள்வியொன்றை வகுப்பின் முன் வைக்கவேண்டும். மூன்றாவது, கருவியை நாடுவது தம் முதற்படியை எழுதியபின்னரே ஆகட்டும்; நாடியதை மறைக்காமல் குறிப்பிடட்டும். நான்காவது, எழுத்துக் கட்டுரை ஒவ்வொன்றையும் பத்து நிமிட வாய்மொழி வினா தொடரட்டும். இது ஆசிரியரின் நேரத்தை மிகவும் கொள்ளும் என்பதை அறிவோம். எனினும் ஒருவர் ஒருவரை அறிய வேறு குறுக்குவழி இல்லை. ஐந்தாவது, வகுப்பில் கற்றதை மாணவர் ஓய்வுநாட் பள்ளியிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் எளிய மொழியில் எடுத்துரைத்து, அங்கு எழும் வினாக்களோடு மீண்டும் வகுப்புக்கு வரட்டும். நன்னூலார் கூறிய அரைக்கூறு அங்குதான் நிறைவுறும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8இல், எத்தியோப்பிய அதிகாரியின் கையில் ஏடு இருந்தது. அவரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். பிலிப்பு முதலில் விரிவுரை நிகழ்த்தவில்லை. வாசிப்பது விளங்குகிறதா என்று வினவினார். வினவியபின் ஏட்டைக் கொடுத்துவிட்டு அகன்றுவிடவுமில்லை. தேரில் ஏறி, உடன் அமர்ந்து, இயேசுவை அறிவித்தார். வினவலும் உடனமர்தலும் அறிவித்தலும் ஒருங்கே அமைந்த அக்கல்வியை நம் மாணவர்க்கு அளிக்கிறோமா? அந்த முதிய தாயின் வீட்டுக்கு அம்மாணவர் மறுவாரம் தாமாகவே சென்றார் என்று அறிந்தோம். இம்முறை கையில் குறிப்பேதுமின்றிச் சென்றாராம். அவர் கற்கத் தொடங்கிவிட்டார் என்று நம்புகிறோம். நாமும் அவ்வாறே தொடங்குவோமாக.