சொல்லுக்கு முன் சோறு: 'வேதியர் ஒழுக்கம்' குறித்துச் சில சிந்தனைகள்

வீரமாமுனிவர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது தேம்பாவணி, அடுத்துச் சதுரகராதி, சிரித்து மகிழ விரும்புவோர்க்குப் பரமார்த்த குரு கதை. அவருடைய உரைநடை நூலாகிய 'வேதியர் ஒழுக்கம்' அறிஞர்தம் பாராட்டைப் பெற்றிருந்தும், இறைமக்களின் கைகளுக்கு அதிகம் வந்து சேரவில்லை. நமது விசுவாசத்தைப் பிறரோடு எங்ஙனம் பகிர்ந்துகொள்வது என்ற வினா நம்மைத் தொடர்ந்து உறுத்திவரும் இந்நாளில், அந்நூலை மீண்டும் கையிலெடுப்பது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

முனிவர் நம் பகுதிக்கு அயலார் அல்லர். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தில், அன்னை மரியா சேலை உடுத்திப் பெரியநாயகியாகக் காட்சி தருகிறார். விருத்தாசலத்துச் சிவாலயத்து அம்மையின் திருப்பெயரும் பெரியநாயகியே. 1680-இல் இத்தாலியில் பிறந்த ஒருவர், தாம் வாழ வந்த மண்ணின் செவிக்குப் பழகிய பெயரைத் தேர்ந்தெடுத்தார். பகிர்தலின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'வேதியர் ஒழுக்கம்' 1720-களின் பிற்பகுதியில், உபதேசியார்களுக்கென எழுதப்பட்டது. அன்று குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல. குருவானவர் வராத நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளியின் அருகிலிருந்து, விசுவாசத்தைக் காத்தவர்கள் இந்த வேதியர்களே. இவர்களுக்கு எழுதிய நூலுக்கு முனிவர் 'வேதியர் வாதம்' என்று பெயரிடவில்லை, 'ஒழுக்கம்' என்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அச்சொல்லின் எடையை அறியாதவர் அல்லர். போதிக்கிறவன் வாழ்வே முதல் போதனை என்பதே இந்நூலின் உயிர்நாடி. கற்றவர் சுவைக்கும் செறிவும் எளியவர் விளங்கிக்கொள்ளும் தெளிவும் ஒருசேர அமைந்த இதன் நடை, தமிழ் உரைநடை வளர்ச்சியில் ஒரு மைல்கல் என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும் இருகுறைகளைச் சுட்டாமல் விடுவது நேர்மையாகாது. ஒன்று, இதே காலத்தில் தரங்கம்பாடி லூத்தரன் சபையாரை மறுத்து 'வேத விளக்கம்' எழுதியதும் இதே எழுத்தாணியே. ஒழுக்கத்தைக் கற்பித்த கை, வாதத்தின் வெப்பத்திலிருந்து தப்பவில்லை. மற்றொன்று, நூலின் பார்வை வேதியர்மேலேயே நிலைத்திருக்கிறது. கேட்பவர் மீட்கப்பட வேண்டிய ஆன்மாவாக நிற்கிறாரேயன்றி, நமக்குக் கொடுக்கக்கூடிய ஒருவராக நிற்கவில்லை. அக்காலத்து இறையியலின் எல்லை அது என்று அமைதி கூறலாம். ஆயினும் அந்த எல்லையை இன்னும் கடவாதிருப்பது நம்முடைய குறையே.

இதை நாம் ஏட்டில் கற்றுக்கொள்ளவில்லை. கல்வராயன் மலையில் கற்றோம். சில ஆண்டுகளுக்குமுன், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்கு உபதேசியாருடன் சென்றிருந்தோம். திண்ணையில் அமர்ந்ததும் பேசத் தொடங்கிவிட்டோம். சாமை புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன வருசம் வந்தவங்களும் இதத்தான் சொன்னாங்க சாமி. ஒரு வாய் சோறு தின்னாமப் போயிட்டாங்க."

நாமும் எழுந்து புறப்படும் நிலையில்தான் இருந்தோம். நாணத்தோடு மீண்டும் அமர்ந்து, அவர் இட்ட சாமைச் சோற்றை உண்டோம்.

அந்த மலைமக்களின் நினைவில், கீழிருந்து வருகிறவர் பெரும்பாலும் கேட்க வருபவர் அல்லது எடுக்க வருபவர். ஜாகிர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த தலைமுறைகள் அவை. 1976-இல்தான் அரசு அந்த ஜாகிர்களை ஏற்றது. அத்தகையோர் இடும் சோற்றை மறுத்துவிட்டு நாம் எந்த அன்பை அறிவிக்கப் போகிறோம்?

அன்றிரவு லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தைப் புரட்டினோம். சீடர்களை அனுப்பும் ஆண்டவர் ஓர் ஒழுங்கைத் தருகிறார். பரிமாறப்படுவதை உண்ணுங்கள், நோயுற்றோரைக் குணமாக்குங்கள், பின்னரே, இறையாட்சி நெருங்கி வந்துள்ளதை அறிவியுங்கள் என்கிறார். முதலில் உணவு, அடுத்துப் பணி, மூன்றாவதாகவே சொல். பலமுறை மறையுரை ஆற்றிய பகுதிதான். இவ்வரிசை நம் கண்ணில் பட்டதில்லை. ஏழைகளையும் கல்வி வாய்ப்பற்றோரையும் அணுகும்போது வற்புறுத்தலின் சாயல்கூடப் படியலாகாது என்று, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய ஏட்டில் எச்சரித்ததன் ஆழமும் அன்றுதான் விளங்கிற்று.

அப்படியானால் வாய் திறக்கவே கூடாதா எனச் சிலர் வினவலாம். அன்று. நம்பிக்கைக்கான காரணத்தைக் கேட்போர்க்குப் பணிவோடும் மரியாதையோடும் மறுமொழி கூற ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு பணிக்கிறார். கேள்வி பிறக்கும்படி வாழ்வது நம் கடமை. மூன்றாம் முறை சென்றபோது அம்மூதாட்டியே கேட்டார்: "எதுக்குச் சாமி இவ்வளவு தூரம் ஏறி வர்றீங்க?" அன்று கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னோம், சுருக்கமாகவே சொன்னோம். அவர் திருமுழுக்குப் பெறவில்லை. ஆயினும் நாம் சொன்னது வீண்போயிற்று என்று நாம் எண்ணவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் நச்சுச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அந்தத் தெருக்களில் எந்த மறையுரைக்கும் இடமில்லை. அழுவோரோடு அமர்வதற்கே இடமிருந்தது.

நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரைத்தான் முனிவர் தேம்பாவணியின் தலைவராக்கி, 3615 செய்யுள்கள் பாடினார். 'வேதியர் ஒழுக்கம்' கற்பிக்கும் வாழ்வு அந்த மௌனத் தச்சரிடம் முன்பே இருந்தது. அன்பியக் கூட்டங்களில் இந்நூலை ஒருமுறை சேர்ந்து வாசிப்போம். வாசித்து முடித்தபின், அயல் வீட்டார் நம்மை உணவுக்கு அழைத்தது எப்போது, நாம் சென்றோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.