கரண்ட் போனால் பரவாயில்லை: வேலிடேட்டர் வழிகாட்டிகளைப் பற்றி ஒரு குறிப்பு

பாலக்கோட்டிலிருந்து சித்தப்பா மகன் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். லினக்ஸ் சர்வரில் வேலிடேட்டர் நோடு அமைப்பது எப்படி என்று தலைப்பு. பதினெட்டு பக்கம், முக்கால்வாசி ஆங்கிலம், நடுநடுவே தமிழ். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ண்ணா, நீங்க சர்வர் வேலதான பாக்கறீங்க, இது நெசமான்னு பாத்துச் சொல்லுங்க. இங்க ஒருத்தர் நோடு போட்டுத் தர்றேன்னு ஷேர் சேக்கறாரு. ஒரு ஷேரு ரெண்டு லட்சம். மாசம் எட்டு பர்சன்ட்டாம்."

அவனுக்கு ரெண்டு ஏக்கர் மல்பெரி. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் அந்த வருசம் நல்ல விலை கிடைத்து, கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அதனால் அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன். பிறகு அதே மாதிரி இன்னும் பத்துப் பன்னிரண்டு வழிகாட்டிகளைத் தேடிப் படித்தேன், தமிழ் வீடியோக்களையும் பார்த்தேன். கடைசியில், எழுதினவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் நாமே போட்டுப் பார்ப்போம் என்று நல்லம்பள்ளி வீட்டில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் ஈத்தீரியத்தின் ஹூடி சோதனை வலையமைப்பில் ஒரு வேலிடேட்டரை ஏற்றி நான்கு மாதம் ஓட்டினேன். சோதனை ஈத்தருக்குக் காசு கிடையாது. போனாலும் போகட்டும்.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஈத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கை விட்டுவிட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறியது. 32 ஈத்தரைப் பிணையாக வைத்தால் ஒரு வேலிடேட்டர். 12 வினாடிக்கு ஒரு ஸ்லாட், 32 ஸ்லாட் சேர்ந்தால் ஒரு எபாக், அதாவது 6.4 நிமிடம். ஒவ்வொரு எபாக்கிலும் உங்கள் மெஷின் ஒரு முறை 'நான் பார்த்த சங்கிலி இது' என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குக் கிடைக்கும் வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு.

இந்த வழிகாட்டிகளில் கமாண்டுகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. உபுண்டு சர்வர் போடு, ஃபயர்வாலில் 30303, 9000 போர்ட்டுகளைத் திற, எக்ஸிக்யூஷன் கிளையன்ட் ஒன்று, கன்சென்சஸ் கிளையன்ட் ஒன்று, ரெண்டும் 8551 போர்ட்டில் பேசிக்கொள்ள ஒரு ஜேடபிள்யூடி ரகசியக் கோப்பு, எல்லாவற்றையும் சிஸ்டம்டி சர்வீஸாக்கு. லினக்ஸ் பழக்கம் உள்ளவர் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம், சங்கிலி சிங்க் ஆகக் காத்திருக்கும் நேரம் தனி. என் புகார் வேறு. இவை பயப்பட வேண்டாத விஷயத்துக்கு நம்மைப் பயமுறுத்துகின்றன, பயந்தே ஆக வேண்டிய இடத்தில் வாயே திறப்பதில்லை.

முதல் பயம், கரண்ட். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இரண்டாம் பக்கத்திலேயே 'வீட்டில் ஓட்டாதீர்கள், 24 மணி நேரமும் ஆன்லைனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம்' என்று சொல்லிவிட்டு, ஏதாவது வெளிநாட்டு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுக்கச் சொல்கின்றன. நம்ம ஊர்க்காரனுக்கு இது சுருக்கென்று தைக்கும். பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம் வருகிற ஊர் இது. ஆக, நமக்கு இது ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் தவறுவது 75 எபாக், 75 கையெழுத்து. மாதத்துக்கு 6,750 எபாக். அதில் 75 என்பது 1.1 சதவீதம். கையெழுத்து தவறினால் கழியும் தொகை, போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடச் சற்றுக் குறைவுதான். இழந்ததையும் கழிந்ததையும் சேர்த்தாலும் 32 ஈத்தர் வைத்தவருக்கு அந்த ஒரு நாள் நஷ்டம் சில நூறு ரூபாய். வலையமைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே சமயத்தில் விழுந்து, சங்கிலி இறுதியாகாமல் நின்றால்தான் அபராதம் ஏறும். நல்லம்பள்ளியில் ஃப்யூஸ் போனால் அது நடக்காது. சொல்லப்போனால் இந்த நெறிமுறையை வடிவமைத்தவர்கள் வீட்டில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்தே அபராதத்தை இவ்வளவு லேசாக வைத்தார்கள். வழிகாட்டி எழுதியவர்கள் அதைப் படிக்கவில்லை போல.

வீட்டு மெஷின் சுமார் 40 வாட் இழுத்தது. ரெண்டு மாதத்துக்கு 58 யூனிட் வரும். 150 ஏஹெச் பேட்டரி இன்வெர்ட்டர் நாள் முழுக்கத் தாங்கியது. தடுமாறிய இடங்கள் எந்த வழிகாட்டியிலும் இல்லாதவை. இன்வெர்ட்டரின் பின்பக்கம் நார்மல், யுபிஎஸ் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டர் ரீபூட் ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம். அடுத்து, வீட்டில் கரண்ட் இருந்து என்ன, தெருமுனையில் ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் நெட் இல்லை. அதற்கு நாம் ஒன்றும் பண்ண முடியாது, 1.1 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான். மூன்றாவது, நம்ம ஊர் பிராட்பேண்டில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருவது சகஜம். ரூட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நோடு வேலை செய்யும், ஆனால் நாம் தேடிப் போகும் பியர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். ஐபிவி6 இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். டிஸ்க் பற்றியும் ஒரு வார்த்தை. '2 டிபி எஸ்எஸ்டி போதும்' என்று எழுதிவிடுகிறார்கள். விலை குறைந்த, கேஷ் இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் மெயின்நெட்டில் சங்கிலியின் வேகத்துக்கு எழுத முடியாமல் பின்தங்கிக்கொண்டே போகும். கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

இப்போது அந்த வாடகை சர்வருக்கு வருகிறேன். 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம், தன் விதிகளில் கிரிப்டோவுக்கு இடமில்லை என்று சொல்லி, சொலானா வேலிடேட்டர்களைத் துண்டித்தது. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விழுந்தன. மொத்தப் பிணையில் 20 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே கம்பெனியின் மெஷின்களில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. சங்கிலி நிற்கவில்லை, அது வேறு விஷயம். பரவலாக்கம் என்று பேசிக்கொண்டே எல்லோரும் போய் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. தர்மபுரியில் அரை நாள் கரண்ட் போவதைவிட இது பெரிய ஆபத்து. வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'அதிகம் பேர் பயன்படுத்தும் கிளையன்டையே போடுங்கள்' என்ற அறிவுரையும் இதே ரகம். 2024 ஜனவரி 21 அன்று நெதர்மைண்ட் கிளையன்டில் ஒரு பிழை வந்தது. அதை ஓட்டியவர்கள் சிறுபான்மை என்பதால் சில மணி நேரம் கையெழுத்து தவறியதோடு போயிற்று. அதே மாதிரிப் பிழை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டும் கிளையன்டில் வந்திருந்தால், தப்பான சங்கிலியே இறுதியாகியிருக்கும்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? சாவிக்கு.

கரண்ட் பயத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று, ரெண்டிலும் ஒரே சாவி. ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளுமாம். வெப்சைட்டுக்கு இது நல்ல யோசனை. வேலிடேட்டருக்கு இதுதான் விஷம். ஒரே சாவி ரெண்டு இடத்தில் ஒரே ஸ்லாட்டுக்கு வேறு வேறு கையெழுத்துப் போட்டால் அது ஏமாற்று வேலையாகவே கணக்கில் எடுக்கப்படும். இதற்குப் பேர் ஸ்லாஷிங். பிணையில் ஒரு பகுதி போகும், வேலிடேட்டரைக் கட்டாயமாக வெளியேற்றுவார்கள், மிச்சப் பணம் சுமார் 36 நாள் பூட்டிக் கிடக்கும். 2025 மே மாதம் வந்த பெக்ட்ரா மேம்படுத்தலில் முதல் அபராதத்தை வெகுவாகக் குறைத்தார்கள், வெளியேற்றம் அப்படியேதான் இருக்கிறது. இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2023 ஏப்ரல் 13 அன்று லைடோவுக்காக ஓட்டிக்கொண்டிருந்த ராக்லாஜிக் நிறுவனத்தின் 11 வேலிடேட்டர்கள் இப்படித்தான் போயின, ஒரே சாவிகள் ரெண்டு கிளஸ்டரில். லைட்ஹவுஸில் டாப்பல்கேங்கர் பாதுகாப்பு என்று ஒரு ஆப்ஷன் உண்டு. ஆரம்பித்ததும் ரெண்டு மூன்று எபாக் சும்மா இருந்து, தன் சாவி வேறெங்காவது கையெழுத்துப் போடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நான் படித்த வழிகாட்டிகளில் ஒன்றே ஒன்று அதைச் சொன்னது, அதுவும் அடிக்குறிப்பில்.

தம்பி அனுப்பிய பிடிஎஃப் இன்னும் ஒரு படி மேலே. 24 சொற்கள் கொண்ட ரகசியத் தொடரை அந்த வாடகை சர்வரிலேயே உருவாக்கச் சொல்கிறது. நெட்டில் இருக்கும், இன்னொருவர் வைத்திருக்கும் மெஷினில்! நிலப் பத்திரத்தைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதி, அங்கேயே வைத்துவிட்டு வருவதற்குச் சமம். நெட் இல்லாத மெஷினில் உருவாக்கி, கையெழுத்துச் சாவியை மட்டும் சர்வருக்குக் கொண்டுபோவதே முறை.

இதிலிருந்து ஷேர் விஷயத்துக்கு வரலாம். வேலிடேட்டருக்கு ரெண்டு அதிகாரம் உண்டு. ஒன்று தினமும் கையெழுத்துப் போடும் சாவி, மற்றது பணம் திரும்பி வரும் வித்ட்ராயல் முகவரி. அந்த முகவரியை ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றவே முடியாது. சர்வரை யார் ஓட்டினாலும், முகவரி யாருடையதோ அவருடையதுதான் பணம். ராக்கெட் பூல் மாதிரி கூட்டாகப் போடும் முறைகள் இருக்கின்றன, அங்கே யாருக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்த நிரலே தீர்மானிக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம். ரெண்டு லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு 'நோடுல உங்க பங்கு இருக்கு' என்றால் அதற்குப் பேர் ஸ்டேக்கிங் இல்லை, கைமாத்து. ஈத்தர் 1,500 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் 32 ஈத்தர் 40 லட்சத்தைத் தாண்டும். உண்மையிலேயே வாங்கிப் போட்டிருந்தாலும் ஆண்டுக்கு 3 சதவீதம் வருகிற இடத்திலிருந்து மாதம் எட்டு எப்படி வரும்? 2012ல் பெருந்துறை ஈமு கோழிக்கும் இதே மாதிரி கணக்குதான் சொன்னார்கள்.

தம்பியிடம் அந்த ஆள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், "கவர்மென்டே பிளாக்செயின் கொண்டாந்திருக்கு." வந்திருப்பது உண்மைதான். தமிழ்நாடு 2020லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது, நம்பிக்கை இணையம் என்ற கட்டமைப்பும் இ-பெட்டகம் செயலியும் அந்த வழியில் வந்தவை. ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் விஸ்வஸ்யா என்ற அடுக்கைத் தொடங்கியது, அதன் நோடுகள் புவனேஸ்வர், புனே, ஹைதராபாத்தில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் இருக்கின்றன. மூன்று ஊர், ஒரே நிறுவனம். இதில் யார் யாரைச் சரிபார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது, அந்தச் சங்கிலிகளுக்கும் ஷேர் பிடிக்கிறவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எந்த வழிகாட்டியும் முதல் பக்கத்தில் சொல்லாத ஒன்று உண்டு. சங்கிலியைச் சரிபார்க்க 32 ஈத்தர் வேண்டவே வேண்டாம். பிணை வைக்காத முழு நோடும் ஒவ்வொரு பிளாக்கையும் தானே சோதித்துப் பார்க்கும். கையெழுத்துப் போடாது, காசு தராது, அவ்வளவுதான் வித்தியாசம். கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். பழைய மெஷின், ஒரு நல்ல டிஸ்க், சோதனை வலையமைப்பு.

தம்பிக்கு மூன்று வரி மட்டும் அனுப்பினேன். வேலிடேட்டர் எண் என்ன என்று கேள், அதை வைத்து எக்ஸ்ப்ளோரரில் யாரும் பார்க்கலாம். வித்ட்ராயல் முகவரி யாருடையது என்று கேள். வெளியேற்றச் சொன்னால் எத்தனை நாளில் யார் கணக்குக்குப் பணம் வரும் என்று எழுதி வாங்கு.

மறுநாள் போன் பண்ணினான். "கேட்டேண்ணா. நம்பர் கம்பெனி சீக்ரெட்டாம்."

அவன் கட்டவில்லை. ஆனால் பங்காளி வீட்டில் ரெண்டு பேர் ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். முதல் மாச எட்டு பர்சன்ட் சரியாக வந்ததாம், அதனால் அவர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.