மெய்ம்மை நிகழ்ச்சிகளும் மலையகப் பார்வையாளரும்
சமையல், தோட்டம், வானம், மர்மம் - ஒரு விமரிசன நோக்கு

தொலைக்காட்சி பற்றித் தமிழில் எழுந்த விமரிசனங்களிற் பெரும்பாலானவை நாடகத் தொடர்களையும் திரைப்படச் சார்பு நிகழ்ச்சிகளையுமே பொருளாகக் கொண்டுள்ளன. சமையற் குறிப்பு, வீட்டுத் தோட்டம், வானியல், விளங்காப் புதிர்கள் ஆகியன பற்றிய நிகழ்ச்சிகள் ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. அவை ‘தகவல்’ தருவன. தகவலுக்கு வர்க்கம் இல்லை. ஆதலின் அவற்றை விமரிசிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆனால், கற்பனை என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் படைப்பைக் காட்டிலும் உண்மை என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் படைப்பிலேதான் கருத்துநிலை தங்கு தடையின்றிச் செயற்படுகின்றது. இக்கட்டுரை அத்தகைய மெய்ம்மை நிகழ்ச்சிகளைத் தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நிலைநின்று நோக்க முயல்கின்றது.

இந்நிலைக்களத் தெரிவு தற்செயலானதன்று. நாட்டின் அதியுயர் சிகரமான, 2,524 மீற்றர் உயரங்கொண்ட பீதுருதாலகால மலையிலே ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கின்றது. 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட அச்சேவையின் அலைகள் தேயிலை மலைகளைத் தாண்டியே நாடெங்கும் சென்றன. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் நீரை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கவழியாற் கொண்டுசென்று, 150 மெகாவாற்று மின்வலுவை உற்பத்தி செய்கின்றது. தொலைக்காட்சிக்கு வேண்டிய உயரத்தையும் மின்சாரத்தையும் மலையகம் வழங்கியுள்ளது. திரையில் அதற்குக் கிடைத்த இடம் யாது என்பதே வினா.

இவ்வினாவுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. தொலைக்காட்சிக்கு முன்னரே மலையகம் மெய்ம்மைப் படத்தின் பொருளாகிவிட்டது. பேசில் றைட் 1934இல் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்னும் விவரணப்படம் உலகத் திரைப்பட வரலாற்றிலே சிறப்பிடம் பெற்றது. அதற்குப் பணம் அளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ற் வாசிக்க, படம் நகர்கின்றது. வணிகத்தின் குரல்கள் எனப் பெயரிய பகுதியிலே உழைப்போரின் உருவங்கள் மீது சந்தை விலைகளும் வணிகக் கட்டளைகளும் ஒலிக்கின்றன. றைட் இங்கு முரண்பாட்டை உணர்த்தியுள்ளார் என்பதை மறுப்பதற்கில்லை. விளம்பரத்துக்கு அளிக்கப்பட்ட பணத்தைக் கொண்டே விளம்பரத்தை ஐயுறச் செய்தமை அவரது சாதனையாகும். ஆயினும் உழைப்போர் அதிற் பேசவில்லை. உருவம் அவர்களுடையது, குரல் பிறருடையது. இப்பிரிவினை பின்வந்த மெய்ம்மை நிகழ்ச்சிகளின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது.

தொலைக்காட்சியின் வருகையிலும் இத்தகைய முரண் ஒன்றைக் காணலாம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையுடன் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. வேளாண்மை, சுகாதாரம், குடும்ப நலன் ஆகியன அவற்றின் பொருள். அதே ஒளிபரப்பைப் பெறுவதற்கான நிலக்கருவி ஒன்றை இந்திய விண்வெளி நிறுவனத்தார் கொழும்பிலே ஆதர் சி. கிளார்க்கின் இல்லத்தில் நிறுவினர். செய்மதித் தொடர்பு பற்றி 1945இலேயே எழுதிய அறிஞருக்கு அளிக்கப்பட்ட தகுந்த மதிப்பு அது. எனினும் ஏழை உழவனுக்கென ஆக்கப்பட்ட நிகழ்ச்சி இலங்கையில் முதன்முதல் ஒரு கொழும்பு மாளிகையில் வந்திறங்கியமை மனங்கொள்ளத்தக்கது. தொழில்நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றினும், அது யாருடைய வாசலிற் போய் நிற்கின்றது என்பதைச் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன.

இனி, நிகழ்ச்சி வகைகளைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, சமையல். ‘அலங்காரச் சமையல்’ பற்றி றோலன் பார்த் 1957இல் வெளிவந்த தமது ‘தொன்மங்கள்’ என்னும் நூலில் எழுதியுள்ளார். வாங்கும் வசதி குறைந்த வாசகியருக்கு ஓர் இதழ் பளபளப்பான மேற்பூச்சுடைய கனவுணவைப் படமாகத் தருகின்றது. வசதி படைத்தோர் படிக்கும் இதழோ செய்யத்தக்க உணவைத் தருகின்றது என்பது அவர் அவதானம். 1993இல் சன் தொலைக்காட்சியும் 1998இல் சக்தி தொலைக்காட்சியும் தோன்றிய பின்னர் தமிழ்ச் சமையல் நிகழ்ச்சிகள் பல்கிப் பெருகின. அவற்றை நோக்கும்போது பார்த்தின் கூற்று மேலும் ஒருபடி விரிக்கப்படவேண்டும் என்று தோன்றுகின்றது. அந்நிகழ்ச்சிகளில் மறைக்கப்படுவது பொருளின் விலை மாத்திரமன்று, உழைப்பின் நேரமுமாகும். வெங்காயம் அரிந்தபடியே கிண்ணத்தில் இருக்கின்றது. தேங்காய் துருவப்பட்டுவிட்டது. அடுப்பு மூட்டப்படுவதுமில்லை, பாத்திரம் கழுவப்படுவதுமில்லை. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணுக்குச் சமையலின் பெரும்பகுதி இம்மறைக்கப்பட்ட பகுதியேயாகும். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்துவிட்டு மலைக்குப் போகின்றவளுக்கு இரண்டாவது வேலைநாள் ஒன்று உண்டு. திரை அதனைக் கலையாக மாற்றி, வேலை என்ற பெயரை அதனிடமிருந்து பறித்துவிடுகின்றது.

ரொட்டியும் வரலாறுடையதே. கோதுமை விளையாத நாட்டிலே கோதுமை மா தோட்ட மக்களின் அன்றாட உணவானது அவர்தம் நாவின் விருப்பத்தால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. இறக்குமதி, பங்கீடு, தோட்ட நிருவாகம் மா வழங்கிய முறை ஆகியவற்றால் நிகழ்ந்தது. 1973-74இல் அப்பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ‘மலையகப் பாரம்பரிய உணவு’ என்று ரொட்டியைச் சுவைபட அறிமுகஞ் செய்யும் நிகழ்ச்சி இவ்வாண்டுகளைக் கூறாதுவிடின், அது தரும் தகவல் பொய்யன்று, ஆனால் உண்மையுமன்று.

இரண்டாவது, தோட்டக்கலை. இங்கு சொல்லே நமக்கு வழிகாட்டுகின்றது. ஏனைய தமிழ் வழக்குகளில் தோட்டம் என்பது வீட்டை அடுத்த பசுமையைக் குறிக்கும். மலையகத்திலோ அது பெருந்தோட்டத்தை, அதாவது வேலைத்தலத்தையும் வாழிடத்தையும் நிருவாகத்தையும் ஒருங்கே குறிப்பதாகும். ‘தோட்டத்தான்’ என்ற சொல் இழிவுரையாக வழங்கியமை நாமறிந்ததே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவராக்கியது. அவர் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடும்பாடல் தமிழிலே ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனப் பெயர் பெற்றது. தலைப்பிலுள்ள தோட்டம் எவருடைய ஓய்வுக்கானது, எவருடைய உழைப்புக்கானது என்ற வினா அப்படைப்பினூடு செல்கின்றது. தொலைக்காட்சித் தோட்டக்கலையோ நிலமுடையோனையே தன் இயல்பான பார்வையாளனாகக் கொள்கின்றது. லயத்துக் காம்பராவின் முன்னால், தோட்ட நிருவாகத்துக்குரிய துண்டு நிலத்திலே மரக்கறி நடுபவனுக்கு மண்ணின் பதம் தெரியும், மண் அவனுடையதன்று. நிகழ்ச்சி அவனுக்குக் கற்பிக்க முனைவது அவன் அறிந்ததையே; அவனிடம் இல்லாததைப் பற்றி அது பேசுவதில்லை.

இத்தனைக்கும் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்திலேதான் 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. தேயிலை செடியன்று, கவ்வாத்துச் செய்யாது விட்டால் மரமாக வளரும் தாவரம். பறிப்பவரின் கைக்கு எட்டுமாறு அது இடுப்பளவிலே நிறுத்தப்படுகின்றது. நாம் இயற்கைக் காட்சி என்று போற்றும் பசிய சரிவுகள், தலைமுறை தலைமுறையாகக் கத்தியும் கையும் செதுக்கிய வடிவமாகும். இதைவிடச் சிறந்த தோட்டக்கலை நிகழ்ச்சிக்குப் பொருள் வேறெங்கு உண்டு? கவ்வாத்துக்காரரின் கத்தி சாயும் கோணத்தையும் ஆராய்ச்சியாளரின் முடிவையும் ஒரே திரையில் ஒருவரோடொருவர் உரையாடச் செய்திருப்பின் அறிவு ஒருபடி உயர்ந்திருக்கும்.

மூன்றாவது, வானியல். இத்துறையில் 1980இல் வெளியான கார்ல் சேகனின் ‘கொஸ்மொஸ்’ இன்றும் அளவுகோலாகத் திகழ்கின்றது. பதின்மூன்று பகுதிகள் கொண்ட அத்தொடரின் பத்தாம் பகுதியிலே தமிழ்நாட்டுப் பொங்கல் விழாக் காட்சி இடம்பெறுகின்றது. வானத்தை உழவோடும் பருவத்தோடும் இணைத்துக் காட்டியமை சேகனின் பொருள்முதல்வாத நோக்குக்குச் சான்றாகும். ஆனால் அக்காட்சியின் மறுபக்கம் மலையகத்தில் உள்ளது. இங்கும் பொங்கல் பொங்கப்படுகின்றது. ஞாயிற்றுக்கு நன்றி கூறப்படுகின்றது. நன்றி கூறுவோரில் மிகப் பலருக்கு அறுவடை செய்யச் சொந்த வயல் இல்லை. வயலைப் பிரிந்து வந்த மக்கள் வயலின் திருநாளை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்து வந்தமை, வானத்தைப் பற்றிய செய்தியன்று. நிலத்தைப் பற்றிய செய்தி.

நமது அலைவரிசைகளில் வானியலின் இடத்தைப் பெரும்பாலும் இராசிபலன் பிடித்துக்கொண்டமை வேறொரு சிக்கல். அமெரிக்க நாளிதழ் ஒன்றின் சோதிடப் பத்தியை 1950களில் ஆராய்ந்த அடோர்னோ, அது வாசகரை நிலவும் ஒழுங்குக்கு இணங்கி நடக்கப் பழக்குவதைக் காட்டினார். நாட்கூலி வாங்குவோனின் வருமானக் குறைவுக்குச் சம்பள நிருணயத்தை விட்டுச் சனியைப் பொறுப்பாக்குவது அவ்வகைப் பழக்கமே. எனினும் சோதிடம் கேட்பவரைப் பழித்தல் விமரிசனமாகாது. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் சக்திகள் தனக்கு எட்டாத தொலைவில் உள்ளன என்னும் அவரது உணர்வு சரியானதே. அச்சக்திகளை அவர் தேடும் திசையே பிழை.

நான்காவது, மர்மம். இங்கு மீண்டும் கிளார்க்கைச் சந்திக்கின்றோம். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே வாழிடமாகக் கொண்ட அவர் 1980இல் ‘ஆதர் சி. கிளார்க்கின் மர்ம உலகம்’ என்னும் பதின்மூன்று பகுதித் தொடரை வழங்கினார். மர்மங்களை அவர் மூவகைப்படுத்தினார்: முன்னர் விளங்காது இன்று விளங்கியவை, இன்னும் முற்றாக விளங்காதவை, ஆயினும் விளக்கங்கள் சில முன்வைக்கப்பட்டவை, எவ்வித விளக்கமும் காணப்படாதவை. இப்பாகுபாட்டின் சிறப்பு, அறியாமைக்கும் வரலாறு உண்டு என்று அது உணர்த்துவதிலுள்ளது. பின்வந்த மர்ம நிகழ்ச்சிகள் பல இப்படிமுறையைத் துறந்தன. வினா எழுப்பப்படும், இசை உயரும், விளம்பரம் வரும், விடை மாத்திரம் வராது. விடை வந்துவிட்டால் அடுத்த வாரம் விற்பதற்குப் பொருள் இல்லாமற்போகும்.

கொழும்பிலே வாழ்ந்து 1978இல் மறைந்த பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூரின் வழி இதற்கு நேர்மாறானது. பேய், பில்லி என்று தம்மிடம் வந்த முறைப்பாடுகளை அவர் ஆராய்ந்தபோது, குடும்பத்தினுள் அடக்கப்பட்ட ஒருவரின் துயரும் சினமும் அவற்றுட் பலவற்றின் பின்னே நிற்பதைக் கண்டார். மர்மத்தின் முடிவிலே அவர் கண்டது மனித உறவு. மார்க்ஸ் பண்டத்தை ஆராய்ந்ததும் இம்முறையிலேயே. எளிய பொருளாகத் தோன்றும் மேசை சந்தைக்கு வந்ததும் ஆவியேறியதுபோல் ஆடத் தொடங்குகின்றது என்று ‘மூலதனம்’ முதற்றொகுதியில் அவர் எள்ளலாக எழுதியது, அக்கால ஐரோப்பாவின் ஆவியுலக மோகத்தை மனங்கொண்டேயாகும். அந்நோக்கிலே பார்ப்பின் மலையகத்தின் பெரும் மர்மம் சுடலையிலோ காட்டிலோ இல்லை. உலகெங்கும் குடிக்கப்படும் ஒரு பானத்தை ஆக்கியோர் ஏன் வறியோராயினர் என்பதே அது. கிளார்க்கின் பாகுபாட்டிலே இது முதல்வகை மர்மம். விளக்கம் உண்டு, காட்டப்படுவதில்லை.

இவ்வளவும் கூறியதனால் மெய்ம்மை நிகழ்ச்சிகளை ஒதுக்கித் தள்ளுவதே முற்போக்கு நிலைப்பாடு என்று கொள்ளலாகாது. சனிக்கோளின் வளையங்களைத் தன் மொழியிலே முதன்முறை கேட்டறியும் லயத்துச் சிறுமிக்கு அந்நிகழ்ச்சி ஒரு சாளரம். நூலகமும் ஆய்வுகூடமும் குறைந்த பாடசாலையிற் பயில்வோருக்கு அச்சாளரத்தை மூடுமாறு கூறுவது வசதியுடையோரின் தூய்மைவாதம். பார்வையாளர் வெற்றுப் பாத்திரங்களும் அல்லர். அரிந்து வைத்த வெங்காயத்தைக் கண்டு நகைக்கும் தொழிலாளிப் பெண் ஏற்கனவே ஒரு விமரிசகியே. குறை, மெய்ம்மை அதிகமாக இருப்பதில் இல்லை. அது பாதியில் நிறுத்தப்படுவதில் உள்ளது.

வானொலியை விநியோகக் கருவியாக மாத்திரம் வைத்திராது, கேட்போரையும் பேசச் செய்யும் தொடர்புக் கருவியாக மாற்ற வேண்டும் என்று பிறெக்ற் 1932இல் வற்புறுத்தினார். அக்கோரிக்கை இன்று தொழில்நுட்ப அளவிலே கைகூடியுள்ளது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் தோட்ட இளைஞர் தாமே படம்பிடித்து உலகுக்குக் காட்டவும் இயலும். ஆனால் கருவி கையில் இருப்பது ஒன்று. காட்டும் முறை கையில் இருப்பது வேறொன்று. பழைய நிகழ்ச்சிகளின் இலக்கணத்தை அப்படியே ஏற்று, தம் அன்னையின் சமையலை அலங்காரமாகவும் தம் மலையை வெறுங்காட்சியாகவும் படமெடுப்பின், குரல் மாறியும் பார்வை மாறாது.

எனவே ஒரு மெய்ம்மை நிகழ்ச்சியை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள: இதிற் காட்டப்படும் பொருளை ஆக்கிய உழைப்பு எங்கே? அறிந்தவர் எனப் பேசுபவர் யார். அறிந்திருந்தும் பேசாது நிற்பவர் யார்? காரணம் கூறப்படும் இடத்திலே இசை ஒலிக்கின்றதா? இவ்வினாக்கள் நாவலுக்கும் கவிதைக்கும் நாம் பலகாலமாகத் தொடுத்து வந்தவையே. சமையற் குறிப்புக்கும் தோட்டக் குறிப்புக்கும் அவற்றைத் தொடுக்கத் தயங்குவோமாயின், மக்கள் பொழுதின் பெரும்பகுதியை விமரிசனத்துக்கு வெளியே விட்டவர்களாவோம்.