மொட்டைமாடிக்கு ஏறுங்கள், குக்குறுவான் கூப்பிடுகிறது

கொரோனா காலம் என்னிடமிருந்து என்னென்னவோ பிடுங்கிக்கொண்டது. கொடுத்தது ஒன்றே ஒன்று: பறவை பார்க்கும் பைத்தியம். செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில், எங்கள் மொட்டைமாடியில் பிடித்த பைத்தியம் அது. இன்றுவரை தெளியவில்லை. தெளியவும் வேண்டாம்!

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது ஹைதராபாத் இப்படி ஓயும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆட்டோ இல்லை, ஹாரன் இல்லை. ரயில் ஊதல்கூட எப்போதாவது போகும் சரக்கு வண்டியிலிருந்துதான். அந்த அமைதியில்தான் எதிர்வீட்டு அரசமரத்திலிருந்து அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. டுக்... டுக்... டுக்... ஒரே சீராக, இடைவெளி மாறாமல், நிமிடக்கணக்கில்.

செம்மார்புக் குக்குறுவான்! சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய உருவம். பச்சை முதுகு, மஞ்சள் தொண்டை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு. திருவிழாக் கடையில் வண்ணம் பூசி வைத்த மரப்பொம்மை மாதிரி அவ்வளவு அழகு. மகனின் பழைய பைனாகுலரை எடுத்துவந்து பார்த்தேன். அது கத்தும்போது அலகு திறப்பதே இல்லை. மூடிய அலகோடு தொண்டை மட்டும் ஒவ்வொரு ‘டுக்’குக்கும் உப்பி உப்பி அடங்குகிறது. வெயில் ஏற ஏற அதன் கச்சேரியும் சூடுபிடிக்கிறது. அத்தி, ஆல், அரசு என்று பழமரம் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும். இத்தனை வருடம் அதே மரத்தடியில்தானே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன்!

அன்று தொடங்கியதுதான். காகக் கூட்டில் முட்டையிடக் காத்திருக்கும் குயில் ஜோடி, செம்பருத்தியில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டு, அணில்களைக் கதறவைக்கும் வைரி, நாள் முழுக்க வானத்தில் வட்டமிடும் கள்ளப்பருந்து. இவற்றையெல்லாம் ஒரே மாடியில் நின்று பார்த்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

மழை தொடங்கியதும் தையல்சிட்டு எங்கள் கத்தரிச்செடியில் கூடு கட்டியது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய இலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரங்களில் அலகால் பொடித்துளைகள் போடுகிறது. பஞ்சையும் சிலந்தி நூலையும் துளைக்குள் செலுத்தி இழுக்கிறது. வெளியே வந்த நுனி பிசிறிக்கொள்வதால் நூல் உருவிக்கொள்வதில்லை. இலை சுருண்டு பையாகிறது, அதற்குள் மெத்தை. இலையை வெட்டுவதில்லை, அது செடியிலேயே பச்சையாக இருப்பதால் கூடு கண்ணுக்கே படாது. சின்னஞ்சிறு பறவை, கையே இல்லாமல் செய்கிற வேலை இது! குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தத் தொட்டிக்கு நாங்கள் தண்ணீர் விட்டதுகூடப் பூனைநடை நடந்துதான்.

இரண்டாம் அலையில் எனக்கும் தொற்று வந்தது. வீட்டிலேயே தனியறை. விரலில் ஆக்சிமீட்டர், 94க்குக் கீழே இறங்கிவிடுமோ என்ற பயம், மணிக்கணக்காகக் குப்புறப் படுக்கை. காப்பிப்பொடி டப்பாவை மூக்கருகே வைத்தாலும் வாசனை தெரியவில்லை. காது மட்டும் முழுசாக வேலை செய்தது. ஜன்னல் வழியாக யார் யார் குரல் கொடுக்கிறார்கள் என்று கண்ணை மூடியபடி எண்ணுவேன். சின்னான், கதிர்க்குருவி, குண்டுகரிச்சான். எண்ணுகிற நேரத்தில் மூச்சு தானாகவே நிதானப்பட்டது. தேறிய பிறகு டாக்டர் மெதுவாக நடக்கச் சொன்னார். படிக்கட்டில் நின்று நின்று ஏறி மாடிக்குப் போனதுதான் என் முதல் நடைப்பயிற்சி. பறவை இல்லாவிட்டால் அந்தப் படிகளை ஏறியிருப்பேனா என்பது சந்தேகமே.

2021 மே 12 முதல் தெலங்கானாவில் மறுபடி ஊரடங்கு. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மட்டும் தளர்வு. ஊரே கடைக்கு ஓடிய அந்த நான்கு மணி நேரம்தான் பறவைகளுக்கும் சுறுசுறுப்பான நேரம். பக்கத்து மாடித் தெலுங்குப் பையன் முகக்கவசத்தோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “ஆன்ட்டி, ஈ ரோஜு ஏ பிட்ட?” (இன்றைக்கு என்ன பறவை?) என்று கேட்பான். நான் ஒன்று சொல்வேன், அவன் ஒன்று காட்டுவான். சீக்கிரமே அவன் கண் என்னைவிடக் கூர்மையாகிவிட்டது.

ஊர் திறந்ததும் கால் நிற்கவில்லை. ஜூபிலி ஹில்ஸ் கே.பி.ஆர். பூங்காவில் மயில். 2016இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அமீன்பூர் ஏரி. கோவாக்சின் பிறந்த ஜீனோம் வேலிக்குப் பக்கத்திலேயே ஷாமிர்பேட்டை ஏரி. தடுப்பூசி போட்டுக்கொண்டபின் நான் ஆசையாய்ப் போன இடம் அதுதான். போகும் வழியில் மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருந்தது. தெலங்கானாவின் மாநிலப் பறவை, இங்கே ‘பாலபிட்ட’. தசராவன்று இதைப் பார்த்தால் நல்லது என்று இந்த ஊரில் நம்பிக்கை. உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத்தான் தெரிந்தது. சிறகை விரித்த அந்தக் கணம் இருக்கிறதே, நீலத்தில் அத்தனை நீலம்!

பிறகுதான் படித்தேன்: 1931–32இல் பறவையியலாளர் சலீம் அலி நிஜாம் அரசின் ஆதரவோடு ஹைதராபாத் சமஸ்தானம் முழுக்கச் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார். அந்த மண்ணில் நாமும் நோட்டும் கையுமாக நிற்கிறோம் என்றால் பெருமையாக இருக்காதா?

நீங்களும் தொடங்குங்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டாம், காடும் வேண்டாம். காலையில் மாடிக்கோ பால்கனிக்கோ வாருங்கள். அகலமான மண்சட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். புறாவுக்குத் தானியம் மட்டும் இறைக்க வேண்டாம். அதன் எச்சத்தூசி நுரையீரலில் ஒவ்வாமை நோயைக் கிளப்பக்கூடியது. ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலுக்கு அது ஆகவே ஆகாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் இபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். வருகிற பிப்ரவரியில் உங்கள் மாடியின் பட்டியலும் அதில் சேரட்டும்.