தொகை ஒரு தட்டில், குழந்தை மறு தட்டில்

மணமுறிவுச் சட்டத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் இரு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ஷரீஅத்தில் அரசு கை வைக்கிறது என்பது ஒன்று. ஷரீஅத்தே பெண்ணைக் கைவிட்டது என்பது மற்றொன்று. இந்த ஆரவாரத்தினிடையே கேட்பாரற்றுப் போகும் மூன்றாவது குரல் ஒன்று உண்டு. அது குழந்தையின் குரல்.

மதுரையின் காஜிமார் தெருவாயினும், மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூராயினும், இல்லறப் பிணக்குகள் பெரும்பாலும் முதலில் ஜமாஅத்தின் முன்பே வருகின்றன. பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அமர்கிறார்கள். ஆயினும், பைசல் எழுதப்படும் வேளையில் நாம் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும் பேரம் ஒன்று நடக்கிறது. “பிள்ளை உன்னிடமே இருக்கட்டும், செலவு மட்டும் கேட்காதே” என்கிறது தந்தையின் தரப்பு. கேட்டால் பிள்ளையை வாங்கிக்கொள்வோம் என்னும் மிரட்டல் அதற்குள் மறைந்திருக்கிறது. பிள்ளையைப் பிரிய அஞ்சும் தாய் கையொப்பமிடுகிறாள். சமரசம் ஆயிற்று என்று நாமும் எழுந்து வருகிறோம்.

இப்பேரத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டா? அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. குழந்தையைக் காரணமாக வைத்துப் பெற்றோரில் எவரையும் துன்புறுத்தலாகாது என்றும் எச்சரிக்கிறது. இவ்வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, மகனை ஏழு வயது வரையும் மகளைப் பருவமடையும் வரையும் வளர்க்கும் உரிமை தாய்க்குரியது. அக்காலமெல்லாம் செலவு தந்தையைச் சார்ந்தது. வளர்ப்பு ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் என்று பகிர்ந்தளித்த மார்க்கம், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கச் சொல்லவில்லை.

நாட்டின் சட்டமும் இந்த உண்மையைச் சுற்றிவளைத்தே அடைந்தது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த மாதத் தொகை 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அத்தீர்ப்பை 1985-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்ததும் எழுந்த புயலின் விளைவே 1986-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தை பிறந்து ஈராண்டு வரையே தாய்க்குச் செலவு தரவேண்டும் என்றது அது. அதைக் காட்டித் தந்தையர் சிலர் கையை விரித்தனர். குழந்தையின் உரிமை வேறு, தாயின் உரிமை வேறு. பிள்ளைகளைக் காக்கும் கடமை ஈராண்டோடு தீராது என்று 1997-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண், குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படியும் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை 10 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, சீர்திருத்த யோசனைக்கு வருவோம். 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையை அளித்தது. குழந்தையின் நலனே தலையாயது. பெற்றோர் இருவரும் சமமான காப்பாளர். தகுந்த இடங்களில் இருவருக்கும் கூட்டு வளர்ப்புரிமை வழங்கலாம். குழந்தைக்கெனத் தனித்தொகை நிர்ணயிக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. தனித்தொகை என்பதை நாம் மனமார வரவேற்கிறோம். தாய் எழுதிக்கொடுக்கும் விடுதலைச் சீட்டினால் குழந்தையின் சோறு பறிபோகாமலிருக்க அதுவே வழி.

கூட்டு வளர்ப்புரிமையில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. தந்தையின் அன்பு குழந்தைக்கு வேண்டாமென்று எவரும் கூறோம். ஆனால் ஆஸ்திரேலியாவில் குழந்தை யாரிடம் எத்தனை இரவு தங்குகிறது என்னும் கணக்கும் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. அத்தகைய கணக்கு இங்கு வருமானால், பாசத்திற்காக அன்றிப் பணத்திற்காக இரவுகளை எண்ணும் தந்தையரும் தோன்றக்கூடும். பழைய பேரம் புதிய சட்டைக்குள் புகுந்துவிடும். வளர்ப்புரிமையைத் தீர்மானிப்பது வேறு, செலவைத் தீர்மானிப்பது வேறு என்ற வரம்பைச் சட்டம் திட்டவட்டமாக எழுதவேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஜமாஅத்தின் பைசல் நீதிமன்றத் தீர்ப்பாகாது. அதன் வலிமை அறத்தின் வலிமையே. அவ்வலிமையைக் கொண்டு நம் பள்ளிவாசல் நிர்வாகிகள் ஒன்று செய்யலாம். மஹர், இத்தாக்காலச் செலவு ஆகியவற்றை எழுதும் தாளில் குழந்தையின் மாதச் செலவுக்குத் தனியொரு வரி ஒதுக்கட்டும். எவ்வளவு, எந்நாளில், எவ்வழியாக என்பதைக் குறிக்கட்டும். அவ்வரியை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை, முத்தவல்லிக்கும் இல்லை. ஏனெனில் அது அவர்களில் எவருடைய பொருளும் அன்று.

குழந்தை பைசல் மன்றத்தில் பேசுவதில்லை, கையொப்பமும் இடுவதில்லை. அதன் சார்பில் ஒரு வரி எழுத மறந்த தாளைச் சமரசம் என்று நாம் அழைக்கலாமா?