வாளி விளக்குப்பொறி: அந்துப்பூச்சிப் பதிவுக்கு எந்த அளவு உதவும்?

மூடியில் புனல் பொருத்திய வாளி, புனலுக்கு மேல் புற ஊதா எல்இடி விளக்கு, விளக்கைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் பிளாஸ்டிக் தகடுகள், வாளிக்குள் பூச்சிகள் ஒண்டிக்கொள்ளச் சில முட்டை அட்டைகள்: வீட்டுத் தோட்டத்து விளக்குப்பொறி இவ்வளவுதான். திருச்சி வட்டார நெல் விவசாயிகளுக்கு விளக்குப்பொறி புதிதன்று. ஆயினும் குருத்துப்பூச்சியின் தாய் அந்தை அழிக்க அவர்கள் வைக்கும் பொறியில் மண்ணெண்ணெயோ சோப்போ கலந்த நீர் இருப்பதால், விழுந்த பூச்சியின் இறக்கைச் செதில்கள் கலைந்து, இனங்காண உதவும் கோடுகளும் புள்ளிகளும் அழிந்துவிடுகின்றன. பதிவுக்கு வேண்டியது பூச்சியை உயிருடன் வைத்திருக்கும் பொறியே.

பூச்சிகள் விளக்கை விரும்பி வருகின்றன என்ற பழைய கருத்துக்கு மாறாக, அவை வானத்தின் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கும் இயல்புடையவை என்றும், அருகிலுள்ள விளக்கு அவ்வியல்பைக் குழப்புவதால்தான் அதையே சுற்றிச் சுழல்கின்றன என்றும் 2024-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு விளக்கியது. அவ்வாறு சுழலும் பூச்சி தகட்டில் மோதிப் புனல் வழியே உள்ளே விழுகிறது. ஆகவே தகடில்லாத பொறியை வாங்குவதில் பயனில்லை.

விளக்கில்தான் ஏமாற்றம் மிகுதி. 1950-இல் அறிமுகமான ராபின்சன் பொறியில் பயன்படும் 125 வாட் பாதரச ஆவி விளக்கு பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும் என்றாலும், அதற்குச் சோக் தேவை. சூடேறிய கண்ணாடியில் மழைத்துளி பட்டால் வெடிக்கவும் கூடும். ஏறத்தாழ 365 நானோமீட்டர் (ஒளியலையின் நீளத்தைக் குறிக்கும் மிகச் சிறிய அலகு) அலைநீளம் கொண்ட 5 வாட் எல்இடி வீட்டுக்குப் போதும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் அதை ஐந்தாறு மணி நேரம் எரிய வைக்கும். மலிவாகக் கிடைக்கும் ஊதா நிற அலங்கார விளக்குகள் பெரும்பாலும் 395 நானோமீட்டரை ஒட்டியவை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதைப் பூச்சிக்கும் பளிச்சென்று தெரிவதாக எண்ணிவிடக் கூடாது. எந்தப் புற ஊதா விளக்கையும் உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் இரவெல்லாம் எரியும் விளக்குகளோடு இச்சிறு விளக்கு போட்டியிட வேண்டியிருப்பதால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் வைத்தால்தான் ஓரளவு பலன் உண்டு. காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவரங்கத்தில் அரளியும் நந்தியாவட்டையும் உள்ள கொல்லைகள் இதற்கு ஏற்ற இடங்கள். அவ்விரு செடிகளின் இலைகளைத் தின்று வளரும் அரளிப் பருந்து அந்து, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பளிங்கு போன்ற இறக்கையுடையது. புற ஊதா ஒளியில் எடுத்த கைபேசிப் படத்தில் அந்தப் பச்சை ஊதாவாகிவிடும் என்பதால், விடிந்தபின் முட்டை அட்டையோடு வெளியே எடுத்துப் படம்பிடிப்பதே முறை. வண்ணத்துப்பூச்சிகளுக்காவது திருவரங்கம் மேலூரில் அரசு பூங்கா அமைத்திருக்கிறது; அந்துகளுக்கு வாளிதான்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இடமும் நேரமும் தாமாகவே பதிவாகும். செயலி பரிந்துரைக்கும் பெயரை மட்டும் அப்படியே நம்பலாகாது. இந்தியாவில் 10,000-க்கும் மேற்பட்ட அந்து இனங்கள் இருப்பதால், பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது பல வேளைகளில் நேர்மையானது.

வாளியின் அடியில் மழைநீர் வடியத் துளையிட வேண்டும். பூச்சிகளை மைனாவும் கரிச்சானும் காணாதபடி புதருக்குள் விட வேண்டும். 2012 முதல் ஜூலை இறுதியில் நடைபெறும் தேசிய அந்துப்பூச்சி வாரம் திருச்சியில் ஆடிக்காற்றோடு மோதுகிறது; காற்று மிகுந்த இரவில் பூச்சிகள் குறைவாகவே பறக்கும். ஆகவே புதிதாக வாங்குவோர் ஐப்பசி மழை விட்ட, நிலவில்லாத, புழுக்கமான இரவில் தொடங்குவது நல்லது.