‘வாடியுள்ளது’, ‘வாடியிருக்கலாம்’: அறிவியலுக்குள் இருக்கும் தமிழ்



2003-இல் ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ப்பள்ளி அறிவியல், 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தோடு முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் திரும்பி வந்தது கலைச்சொல் மட்டும்தானா, வாக்கியமும் வந்ததா?

உற்றறிதல், ஊகித்தல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கேட்டால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். “செடியின் இலை வாடியுள்ளது” என்பது உற்றறிதல், கண்ணால் கண்டது. “நீர் ஊற்றாததால் இலை வாடியிருக்கலாம்” என்பது ஊகித்தல். வேறுபாடு எங்கே? காரணம் காட்டும் ‘ஆல்’ உருபிலும், உறுதியில்லை என்று காட்டும் ‘லாம்’ ஈற்றிலும். இலக்கணப் பாடமும் இதுவே, அறிவியல் பாடமும் இதுவே. நம் பயிற்சித்தாள்களிலோ பெரும்பாலும் காலி இடம் நிரப்பும் வேலைதான். வாக்கியத்தை நாமே எழுதிக் கொடுத்தாச்சு. பிள்ளைக்கு மிச்சம் ஒரு சொல்தான்.

இதன் விளைவைக் கிள்ளானில் என் படிவம் ஒன்று மாணவர்களிடம் பார்க்கிறேன். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் மலாய்க்கு மாறிவிடுகிறது; தமிழ்க் கலைச்சொற்கள் அங்கே உதவுவதில்லை. கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதும் பழக்கம் இருந்தால், அது எந்த மொழிக்கும் கூடவே வரும். எஸ்.பி.எம். தமிழ்க் கட்டுரையில் கருத்துக்குக் காரணம் காட்டவும் அதுதான் கைகொடுக்கும்.

வாரம் ஒருமுறையாவது கோடு போட்ட வெற்றுத்தாளைக் கொடுங்கள். இரண்டே வாக்கியம்: கண்டது ஒன்று, ஊகித்தது ஒன்று. “டீச்சர், இது அறிவியலா, தமிழா?” என்று கேட்டால், “ரெண்டும்தான்” என்று சொல்லுங்கள்.